பிப்பெட் முனையில் இரண்டாவது விளிம்பு: அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீட்டில் ‘எளிதில் தோன்றாதது’ என்று நிரூபிப்பது எப்படி

அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் முன் கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு, சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, புதிய சோதனை முடிவு எதையும் உள்ளே நுழைக்க முடியாது. ஆய்வகக் கருவி செய்பவர்கள் இதைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். கையில் அருமையான தரவு இருக்கும். அது இருக்க வேண்டிய கோப்பில் இருக்காது. மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுக்கும் நாளுக்கு முன்பே ஆதாரம் முழுவதும் எக்ஸாமினரின் (விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலக அதிகாரியின்) மேஜைக்குப் போயிருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதை எப்படித் தயாரிப்பது, எப்போது கொடுப்பது, வாரியத்துக்கான பிரீஃபில் (எழுத்து வாதத்தில்) எப்படி எடுத்துவைப்பது என்பதைப் பற்றியது.

விளக்க ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம். எண்களும் கற்பனைதான். ஆய்வகத்தில் திரவத்தை அளந்து எடுக்கும் 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட் ஒன்று. டிப் (கழற்றி எறியும் பிளாஸ்டிக் முனை) மாட்டும் தண்டின் நுனியில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய வளைய விளிம்புகள். க்ளெய்ம் (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகம்) சொல்வது: விளிம்புகளுக்கு இடையே 2 முதல் 6 மில்லிமீட்டர், விளிம்பின் உயரம் 0.05 முதல் 0.20 மில்லிமீட்டர். எக்ஸாமினர் காட்டும் பழைய ஆவணங்கள் இரண்டு: ஒன்றில் வழுவழுப்பான கூம்புத் தண்டு, இன்னொன்றில் ஒரே ஒரு விளிம்பு கொண்ட தண்டு. ‘இது துறையினருக்கு எளிதில் தோன்றும்’ என்று நிராகரித்து அவர் எழுதும் காரணம்: ஒரு விளிம்பு இருந்தால் இரண்டு வைப்பது வெறும் இரட்டிப்பு, இடைவெளியையும் உயரத்தையும் சோதித்துப் பார்த்துச் சரிசெய்வது வழக்கமான வேலை.

முதல் காரணத்துக்கு அவர் 1960-இன் ‘இன் ரீ ஹார்சா’ (‘ஹார்சா தொடர்பாக’ என்று பொருள்) தீர்ப்பைச் சுட்டுவார். பொருத்தமாக, அந்த வழக்கும் விளிம்பைப் பற்றியதுதான்: கான்கிரீட் இணைப்புகளில் நீர் கசியாமல் அடைக்கும் பட்டை ஒன்றில் பல விலா எலும்புகள் போன்ற விளிம்புகள் இருந்தன. எதிர்பாராத புதிய விளைவு ஒன்று கிடைக்காதவரை, ஒரு பாகத்தைப் பெருக்கி வைப்பது மட்டும் காப்புரிமைக்குப் போதாது என்றது அந்தத் தீர்ப்பு. இரண்டாவது காரணத்துக்கு 1955-இன் இன் ரீ ஆலர்: அளவுகளை வழக்கமான சோதனையால் கண்டடைவது புதுக்கண்டுபிடிப்பு ஆகாது. இரண்டுக்கும் ஒரே விதமான பதில்தான் உண்டு. எதிர்பாராத விளைவு ஒன்று இருக்கிறது என்று எண்களோடு காட்ட வேண்டும். வக்கீலின் வாதம் சான்றாகாது. 1984-இன் இன் ரீ டி ப்ளாவ் உள்ளிட்ட தீர்ப்புகள் இதை அழுத்தமாகச் சொல்கின்றன.

சோதனையை எப்படி அமைப்பது

எளிதில் தோன்றுவதற்குக் காப்புரிமை இல்லை என்னும் சட்டப் பிரிவு 103-இன் கீழ் எல்லாவற்றுக்கும் அடிப்படை 1966-இன் கிரஹாம் வழக்கு. பழைய தொழில்நுட்பம் என்ன, அதற்கும் க்ளெய்முக்கும் உள்ள வேறுபாடு என்ன, துறையில் சராசரித் திறன் உள்ளவர் யார் என்ற மூன்று கேள்விகள். அவற்றோடு வணிக வெற்றி, நெடுநாள் தீராத தேவை, மற்றவர்களின் தோல்வி போன்ற புறச்சான்றுகள். 2007-இன் கே.எஸ்.ஆர். வழக்குக்குப் பிறகு, தெரிந்த பாகங்களைத் தெரிந்த வேலைக்காக இணைப்பதை எளிதாக நிராகரிக்க முடிகிறது. ஆகவே கருவிகளில் எதிர்பாராத விளைவுதான் கனமான சான்று. மற்றவை துணை நிற்கும்.

ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய மாடலோடு அல்ல, மிக நெருங்கிய பழைய தொழில்நுட்பத்தோடு. நம் உதாரணத்தில் அது ஒரு விளிம்புத் தண்டு. வழுவழுப்பான கூம்போடு மட்டும் ஒப்பிட்டால் எக்ஸாமினர் ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார். பழைய ஆவணத்தில் அளவு சொல்லப்படவில்லை என்றால், அந்த விவரிப்புக்குள் அடங்கும் ஒரு தண்டை நீங்களே செய்து, எந்தப் பத்தியையும் படத்தையும் பின்பற்றினீர்கள் என்று எழுதுங்கள். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரு விளிம்புத் தண்டை அலுமினியத்திலும் இரட்டை விளிம்புத் தண்டை பிளாஸ்டிக்கிலும் செய்தால், வேறுபாடு விளிம்பால் வந்ததா பொருளால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பொருள், அதே மேற்பரப்பு மெருகு, அதே கூம்புக் கோணம்.

எந்தப் புள்ளிகளைச் சோதிப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 4 மில்லிமீட்டர் இடைவெளியில் மட்டும் சோதித்துவிட்டு 2 முதல் 6 வரை கேட்க முடியாது. சான்று க்ளெய்மின் அகலத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று 1980-இன் இன் ரீ க்ளெமன்ஸ் சொல்கிறது. ஆகவே இடைவெளியில் 2, 4, 6 மில்லிமீட்டர் உள்ளே. 1, 8 மில்லிமீட்டர் வெளியே. உயரத்தில் 0.05, 0.10, 0.20 உள்ளே, 0.03, 0.30 வெளியே. வெளிப்புள்ளிகளில் விளைவு மங்கிப் போவதைக் காட்டினால்தான் அந்த எல்லைகளுக்குப் பொருள் வரும். வெளியேயும் அதே அளவு நன்றாக வேலை செய்தால் எல்லை தற்செயலாக வைத்தது போலத் தெரியும். அப்படியானால் ‘எல்லைக்குள்தான் விளைவு’ என்ற வாதத்தையே விட்டுவிட்டு, ‘இரண்டு விளிம்பால்தான் விளைவு’ என்பதில் நில்லுங்கள்.

க்ளெய்ம் டிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் நிறுவனத்தின் டிப்பில் மட்டும் சோதித்தால், ‘விளைவு டிப்பால் வந்தது’ என்பார் எக்ஸாமினர், நியாயமாகவே. குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களின் டிப்கள் வேண்டும். பாலிப்ரொப்பிலீன் டிப்பின் உள்வாய் ஒருமுறை மாட்டியதுமே சற்று விரிந்துவிடும், ஆகவே ஒரு டிப்பை ஒரே ஒருமுறைதான் அளவிட வேண்டும். ஒரே அச்சின் வெவ்வேறு குழிகளில் வார்க்கப்படும் டிப்களும் சிறிதளவு வேறுபடும். பல டிப்களின் கழுத்தில் குழி எண் பொறித்திருக்கும். அதைப் பார்த்துக் கலந்து எடுங்கள். தயாரிப்பாளருக்கு மூன்று உற்பத்தித் தொகுதி, தொகுதிக்கு 10 டிப். அதாவது ஒரு தண்டுக்கு 90 அளவீடு.

என்ன அளப்பது? டிப் மாட்டும் விசை, கழற்றும் விசை, கசிவு. விசைக்கு நிலையான தாங்கியில் பொருத்திய விசைமானி, மாறாத வேகம். கையால் குத்தி மாட்டினால் தரவு குப்பைதான். மாட்டும் விசை எல்லாத் தண்டுக்கும் ஒன்றாக இருந்தால்தான் கழற்றும் விசையை ஒப்பிட முடியும். கசிவுக்கு முதலில் எளிய பார்வைச் சோதனை: 1000 மைக்ரோலிட்டர் இழுத்து, செங்குத்தாகப் பிடித்து 20 நொடி, நுனியில் துளி திரள்கிறதா என்று பாருங்கள். பிறகு எடைச் சோதனை.

எடைச் சோதனைக்கு, பிப்பெட் அளவைச் சரிபார்க்கும் சர்வதேசத் தரமுறையான ஐ.எஸ்.ஓ. 8655-6-ஐயே பின்பற்றுங்கள், சொந்த முறை வேண்டாம். முழு அளவு, பாதி, பத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 10 அளவீடு. தெரிந்த தரமுறை என்றால் எக்ஸாமினருக்கு அதைச் சந்தேகிக்க இடமில்லை. ஒரு சிறு விஷயம் பெரிய சேதத்தை உண்டாக்கும்: 1 மில்லிகிராம் நீரை அப்படியே 1 மைக்ரோலிட்டர் என்று எழுதக் கூடாது. 20 டிகிரி செல்சியஸிலும் இயல்பான காற்றழுத்தத்திலும் பெருக்க வேண்டிய காரணி 1.0029. இதை விட்டுவிட்டால் 1000 மைக்ரோலிட்டரில் 2.9 மைக்ரோலிட்டர் பிழை வரும். அந்த அளவுப் பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட தற்செயல் பிழையின் எல்லையே 3 மைக்ரோலிட்டர்தான். ஒரு பக்கத் தரவுக்குக் காரணியைப் போட்டு இன்னொரு பக்கத்துக்கு மறந்தால், அந்த அட்டவணை முழுவதும் வீண்.

முடிவு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: ஒரு விளிம்புத் தண்டில் கழற்றும் விசை சராசரி 14 நியூட்டன், இரட்டை விளிம்பில் 6 நியூட்டன், கசிவு இரண்டிலும் இல்லை. நல்ல தரவு. ஆனால் இதுவே போதாது.

எதிர்பார்ப்பையும் நிரூபியுங்கள்

‘எதிர்பாராத’ என்ற சொல்லுக்கு இரண்டு பாதி. என்ன கிடைத்தது என்பது ஒன்று. என்ன கிடைக்கும் என்று துறையினர் நினைத்திருப்பார்கள் என்பது மற்றொன்று. முதல் பாதியை அழகாக எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடும் அறிக்கைகள் ஏராளம். 14 எங்கே, 6 எங்கே என்று காட்டினால் ‘நல்ல முன்னேற்றம்’ என்பதுதான் தெரியும். துறையினர் இரண்டாவது விளிம்பு வைத்தால் உரசும் இடம் கூடும், கழற்றும் விசை ஏறும் என்றே எதிர்பார்த்திருப்பார்கள் என்று நிறுவ வேண்டும். அதற்கு எக்ஸாமினர் காட்டிய ஆவணத்திலேயே ஒரு வரி கிடைத்தால் அதைவிட மேல் இல்லை. இல்லையென்றால் பாடநூல், தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பு, அல்லது கணக்கோடு கூடிய நிபுணர் விளக்கம். ‘நான் ஆச்சரியப்பட்டேன்’ என்று கண்டுபிடிப்பாளர் எழுதுவதற்கு எடை மிகக் குறைவு.

வேறுபாடு புள்ளியியல் அளவில் மட்டுமல்ல, நடைமுறையிலும் பொருள் உள்ளதாக இருக்க வேண்டும். 1992-இன் எக்ஸ் பார்ட்டே கெல்லஸ் தீர்ப்பு இரண்டையும் கேட்கிறது. 14-க்கும் 13.2-க்கும் இடையே 90 அளவீட்டில் புள்ளியியல் வேறுபாடு காட்டிவிடலாம். நாள் முழுக்கப் பிப்பெட் பிடிக்கும் ஒருவரின் கட்டைவிரலுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

விண்ணப்பத்தில் இந்த விளைவு எழுதப்படவில்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1995-இன் இன் ரீ சூ தீர்ப்பின்படி, விவரணையில் இல்லாத எதிர்பாராத விளைவுக்கான சான்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

டிக்ளரேஷன் எழுதுவது

வடிவம், காப்புரிமை அலுவலக விதி 1.132-இன் கீழ் வரும் டிக்ளரேஷன், அதாவது கையெழுத்திட்ட உறுதிமொழி அறிக்கை. சத்தியப் பிரமாணத்துக்குப் பதிலாக விதி 1.68-இல் சொன்னபடி, வேண்டுமென்றே பொய் சொன்னால் அபராதமோ சிறையோ இரண்டுமோ உண்டு என்ற எச்சரிக்கைப் பத்தியைச் சேர்த்துக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி தேவையில்லை, கையெழுத்திடுபவர் சென்னையில் இருந்தாலும் பாஸ்டனில் இருந்தாலும் ஒன்றுதான். எச்சரிக்கைப் பத்தியை விட்டுவிட்ட அறிக்கையை வெறும் கடிதமாகத்தான் மதிப்பார்கள். அனுப்பும் முன் அந்த ஒரு பத்தியை மட்டும் தனியாகச் சரிபாருங்கள்.

பத்திகளுக்கு எண் போடுங்கள். கையெழுத்திடுபவரின் தகுதி, அவர் சோதனையை நேரில் செய்தாரா மேற்பார்வையிட்டாரா, மாதிரிகள் எப்படிச் செய்யப்பட்டன, ஒவ்வொரு மாதிரியும் எந்த க்ளெய்முக்குள் வருகிறது அல்லது வரவில்லை, முறை, முழு அட்டவணை, எதிர்பார்ப்புக்கான காரணம். சராசரியை மட்டும் தராமல் ஒவ்வோர் அளவீட்டையும் இணைப்பாக வையுங்கள். ‘ஆகவே இந்தக் கண்டுபிடிப்பு எளிதில் தோன்றாதது’ என்று முடிக்க வேண்டாம். அது சட்ட முடிவு. சாட்சி சொல்லத் தேவையில்லை, சொன்னால் எடையும் இல்லை. கண்டுபிடிப்பாளரே கையெழுத்திடலாம், தடையில்லை. ஆனால் எதிர்பார்ப்பைப் பற்றிய பகுதிக்கு நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரின் தனி அறிக்கை இருந்தால் கனம் கூடும்.

சரியாக வராத தரவை மறைக்காதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் டிப்பில் மட்டும் விளைவு பாதியாக இருந்தால் அதையும் அட்டவணையில் வைத்து, ஏன் என்று விளக்குங்கள். விதி 1.56 நேர்மைக் கடமையைச் சுமத்துகிறது. 2011-இன் தெரசென்ஸ் தீர்ப்பு, அந்தக் கடமையை மீறினார் என்ற குற்றச்சாட்டை நிரூபிப்பதைக் கடினமாக்கியது உண்மைதான். ஆனால் தெளிவாகப் பொய்யான உறுதிமொழி அறிக்கையை அதே தீர்ப்பு தனியாக எடுத்து, மிகக் கொடிய நடத்தை என்று வைத்தது. அப்படி ஓர் அறிக்கையால் காப்புரிமை முழுவதும் அமல்படுத்த முடியாமல் போய்விடும்.

வணிக வெற்றியும் மற்றவையும்

இந்தப் பகுதியில் நேரத்தை அளந்து செலவிடுங்கள். விற்பனை எண்ணிக்கை மட்டும் போதாது என்று 1996-இன் இன் ரீ ஹுவாங் சொல்கிறது. அது டென்னிஸ் மட்டைப் பிடி பற்றிய வழக்கு. அந்தச் சந்தையில் அது எத்தனை பங்கு, ஏன் வாங்கினார்கள் என்பது இல்லாமல் எண் பேசாது. ஆய்வகக் கருவிகளில் இன்னொரு சிக்கல்: பிப்பெட்டை டிப் பெட்டிகளோடும் அளவுத்திருத்தச் சேவையோடும் சேர்த்து விற்பார்கள். கைப்பிடி வடிவம் நன்றாக இருந்ததால் வாங்கினார்களா, விளிம்புக்காகவா? க்ளெய்மில் இல்லாத அம்சத்தால் வந்த வெற்றி உங்களுக்கு உதவாது. க்ளெய்முக்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. பொருளும் க்ளெய்மும் ஏறக்குறைய ஒன்றே என்றால்தான் தொடர்பு இருப்பதாக ஊகிக்கலாம் என்று 2019-இன் ஃபாக்ஸ் ஃபேக்டரி தீர்ப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிப்பெட் முழுமையில் தண்டின் நுனி ஒரு சிறு பாகம்; அந்த ஊகம் இங்கே கிடைப்பது அரிது. கைப்பிடி மாறாமல் தண்டு மட்டும் மாறிய மாடலின் விற்பனையை, மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தால், அது உருப்படியான சான்று.

நெடுநாள் தேவைக்கு, அந்தக் குறையைத் துறையினர் முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், யாரும் அதைத் தீர்க்காமல் இருந்திருக்க வேண்டும், உங்கள் க்ளெய்ம் அதைத் தீர்க்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான். போட்டியாளர் நகலெடுத்தார் என்பதை எக்ஸாமினர் முன் நிரூபிப்பது கடினம். ஒரே மாதிரிப் பொருள் சந்தைக்கு வந்தது என்பது நகல் ஆகாது.

எப்போது கொடுப்பது

இறுதி நிராகரிப்புக்கு முன் கொடுப்பதே சிறந்தது. முதல் நிராகரிப்புக்கான பதிலோடு டிக்ளரேஷன் போனால் எக்ஸாமினர் அதை எடைபோட்டே ஆக வேண்டும். இறுதி நிராகரிப்புக்குப் பிறகு, மேல்முறையீட்டு அறிவிப்பு வரை, விதி 1.116-இன்படி ஏன் தேவை, ஏன் முன்பே தரவில்லை என்பதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். ‘இப்போதுதான் சோதனை செய்தோம்’ என்பதைக் காரணமாக ஏற்பதில்லை. அறிவிப்புக்குப் பிறகு, பிரீஃபுக்கு முன், விதி 41.33 இன்னும் கடுமை: அந்தச் சான்று மேல்முறையீட்டில் உள்ள எல்லா நிராகரிப்பையும் தகர்க்க வேண்டும், நல்ல காரணமும் வேண்டும். பிரீஃபுக்குப் பிறகு, சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, கதவு மூடிவிடும்.

தாமதமாகிவிட்டால் வழி உண்டு. ஆர்.சி.இ. (எக்ஸாமினரிடம் விசாரணையைத் தொடரக் கோரும் மனு) போட்டு, டிக்ளரேஷனை அதோடு சேர்த்துக் கொடுத்து, மீண்டும் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணமும் மாதங்களும் போகும், கோப்பு முழுமையாகும். மேல்முறையீடு நடக்கும்போதே ஆர்.சி.இ. போட்டால் அந்த மேல்முறையீடு திரும்பப் பெற்றதாகிவிடும் என்பது நினைவிருக்கட்டும். டிக்ளரேஷனைக் கோப்பில் சேர்க்க எக்ஸாமினர் மறுத்தால் அதை வாரியத்திடம் முறையிட முடியாது, விதி 1.181-இன் கீழ் தனி மனு போட வேண்டும், இரண்டு மாதத்துக்குள். இந்த வித்தியாசம் தெரியாமல், கோப்பில் சேர்க்கப்படாத அறிக்கையைச் சுற்றியே பிரீஃப் எழுதினால் வாரியம் அதைப் படிக்கவே படிக்காது.

பிரீஃப்

அறிவிப்பு கொடுத்த இரண்டு மாதத்தில் பிரீஃப். 2010-இன் எக்ஸ் பார்ட்டே ஃப்ரை முன்னுதாரணத்தின்படி, நீங்கள் எடுத்துச் சொல்லும் தவறுகளைத்தான் வாரியம் பரிசீலிக்கும். சொல்லாததைத் தேடிப் பார்க்காது. ஆகவே டிக்ளரேஷனுக்குத் தனித் தலைப்பு கொடுத்து, எந்தத் தேதியில் கோப்பில் சேர்ந்தது, எந்தப் பத்தி, எந்த அட்டவணை, எந்த வரிசை என்று குறிப்பிடுங்கள். ‘பத்தி 14, அட்டவணை 2: ஒரு விளிம்பு 14 நியூட்டன், இரட்டை விளிம்பு 6 நியூட்டன், பத்தி 17: துறையின் எதிர்பார்ப்பு, விசை ஏறும் என்பது’. இப்படி ஒரு வரி, மூன்று பக்க விவரிப்பைவிட வேலை செய்யும்.

எக்ஸாமினர் முதலில் ‘எளிதில் தோன்றும்’ என்று முடிவுகட்டிவிட்டு, சான்று அந்த முடிவை உடைக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் அது தவறு என்று சுட்டுங்கள். 1976-இன் இன் ரீ ரைன்ஹார்ட், 1984-இன் இன் ரீ பியசெக்கி இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: சான்று வந்ததும் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சேர்த்து எடைபோட வேண்டும். ‘டிக்ளரேஷன் ஏற்புடையதாக இல்லை’ என்ற ஒற்றை வரி நிராகரிப்புகள் இங்கேதான் விழுகின்றன.

சார்பு க்ளெய்ம்களை (முதன்மை க்ளெய்மைச் சுட்டி அதைக் குறுக்கும் க்ளெய்ம்களை) தனித் துணைத்தலைப்பில் வாதிடாமல் விட்டால் எல்லாம் ஒன்றாக எழும், ஒன்றாக விழும். தரவு 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள்தான் வலுவாக இருக்கிறது என்றால், அந்த வரம்புள்ள சார்பு க்ளெய்ம் ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும், அதைத் தனியே வாதிட வேண்டும். அகலமான க்ளெய்ம் தோற்றாலும் அது நிற்கும். அதை மேல்முறையீட்டுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

எக்ஸாமினரின் பதிலுக்குப் பின் மறுமொழிப் பிரீஃபுக்கு இரண்டு மாதம். வழக்கமான கட்டண நீட்டிப்பு இதற்குக் கிடையாது. அதில் புதிய சான்று கூடாது. முதல் பிரீஃபில் சொல்லாத வாதத்தையும், தகுந்த காரணம் இல்லாமல் அங்கே எடுக்க முடியாது. அந்தப் பதிலில் புதிய நிராகரிப்புக் காரணம் வந்தால் மட்டும் ஒரு சன்னல் திறக்கும்: இரண்டு மாதத்துக்குள் எக்ஸாமினரிடம் விசாரணையை மீண்டும் திறக்கக் கேட்டு, அதோடு புதிய டிக்ளரேஷன் தரலாம். வாரியமே தீர்ப்பில் புதிய காரணம் சொன்னாலும் விதி 41.50-இன் கீழ் அதே வாய்ப்பு உண்டு. அப்போது வாரியத்திடம் மறுவிசாரணை கேட்பதா, எக்ஸாமினரிடம் கோப்பைத் திறப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். சோதனைத் தரவு தயாராக இருந்தால் திறப்பதே மேல்.

வாரியத்தில் தோற்றால் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 63 நாள். அங்கே கோப்பு மூடியது. இருக்கும் சான்றோடுதான் போக முடியும், உண்மை முடிவுகளை வாரியத்துக்குச் சாதகமாகவே பார்ப்பார்கள். மாறாக, சட்டப் பிரிவு 145-இன்படி வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் புதிய சான்று தரலாம். 2012-இன் காப்போஸ் எதிர் ஹயாட் தீர்ப்பு அதை உறுதிசெய்தது. வென்றாலும் தோற்றாலும் காப்புரிமை அலுவலகத்தின் செலவை விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும், அதன் வக்கீல்களின் சம்பளம் தவிர. 2019-இன் பீட்டர் எதிர் நான்ட்க்வெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டது. அந்தச் செலவைப் பார்த்தால், தண்டுக்கு 90 டிப்பும் ஒரு விசைமானியும் முதல் நிராகரிப்பு வந்த வாரமே வாங்கியிருக்கலாம்.